சரியாக வரும் வரைக்கும்

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிலிருந்து ஆட்கள் வந்து குடியேறத் தொடங்கியிருந்த சமயம். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் ஒரு பேக்கரியின் மாடியில் சின்னதாக ஒரு மொழிப் பள்ளி நடந்துவந்தது. வேலை முடிந்து மாலையில் வரும் ஜப்பானியர்களுக்கு அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளியை நடத்தியவர் மங்கையர்க்கரசி. நாற்பது வயது இருக்கும். நகோயாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஜப்பானிய மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவரிடம் ஒருநாள் தியோடர் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். அவருடைய ஆங்கிலத்தை ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. பிஷப்பே பிரசங்கத்தை ஒரு தடவை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மேடை ஏறுவார் என்று பேச்சு.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் மேடம். ஜப்பான்காரங்களுக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுக்கறதுன்னு தெரியாது. அதை நீங்கதான் கத்துக் கொடுக்கணும்" என்றார்.

தன்னைவிட இத்தனை மூத்தவர் இப்படிக் கேட்டதில் மங்கையர்க்கரசிக்குக் கூச்சமாக இருந்தது. "கொஞ்ச நாள் வகுப்புல கூட உட்காருங்க சார். அது போதும்" என்றார்.

தியோடர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சின்ன வயசுப் பையன் மாதிரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போனது. அவரால் பொறுக்க முடியவில்லை. ஜப்பானிய நாக்குக்கு ல-வும் ர-வும் ஒன்றுதான். அரிசிக்கு ஆங்கிலத்தில் 'ரைஸ்' என்று சொன்னால் 'லைஸ்', அதாவது பேன் என்று காதில் விழுந்தது. மெய்யெழுத்தில் நிற்க வேண்டிய சொல்லெல்லாம் உகரத்திலோ ஓகாரத்திலோ போய் முடிந்தது. மங்கையர்க்கரசி எதையும் நிறுத்தவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போதாவது ஒரு சொல்லைத் தான் சொல்லிக் காட்டுவார். அதோடு சரி.

வகுப்பு முடிந்ததும் தியோடர் கேட்டார். "மேடம், சமையல் கதை சொன்ன அந்த ஜப்பான் அம்மா இன்னைக்கு முழுக்கப் பேனைத்தான் வடிச்சாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

"மீன் வறுத்துச் சோத்து மேல வச்சாங்களாம் சார். வீட்டுக்காரர் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்."

"சரி. அதனால?"

"இந்த ஊருக்கு வந்து மூணு மாசத்துல அவர் ரெண்டாவது தடவை கேட்டது அது ஒண்ணுதானாம்."

தியோடர் காத்திருந்தார். மங்கையர்க்கரசி கரும்பலகையை அழிக்கப் போய்விட்டார்.

இளகின மனசு, கண்டிப்பு தெரியவில்லை என்று தியோடர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மங்கையர்க்கரசி அவரை ஒரு வேலையாக அனுப்பினார். பள்ளியில் படிக்கும் இசோபே என்கிற பொறியாளர் வேலை செய்யும் ரப்பர் தொழிற்சாலை வாசலில் ஒரு டீக்கடை உண்டு. ஷிப்ட் விடும் நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்து, அவர் தொழிலாளிகளோடு பேசுவதைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

தியோடர் போனார். ஐம்பதைத் தாண்டிய இசோபே கையில் டீ கிளாஸோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுத் தொழிலாளிகள். அவருக்குப் பக்கத்தில், ஜப்பானிய மரியாதைக்கு 'சான்' சேர்த்து அவர் கூப்பிடும் தனக்கோடி. உத்திரமேரூர்க்காரர், ரப்பரை அழுத்தித் தகடாக்கும் ரோலரில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். ஜப்பானியர் ஆங்கிலம் என்று ஒன்றைப் பேசினார். இவர்கள் ஆங்கிலம் என்று ஒன்றைத் திருப்பிப் பேசினார்கள். கைகள் அதற்கும் மேலே பேசின. ரோலரை அவர் 'ரோரா' என்றார், இவர்கள் 'ரோலரு' என்றார்கள். தளர்ந்துபோன எதையும் 'லூஸ்' என்பதற்கு அவர் 'ரூஸு' என்பார். தொழிலாளிகளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், கிறுக்குத்தனமாக நடந்துகொள்கிறவனையும் 'ரூஸு' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். தனக்கோடி ஏதோ சொன்னார். இசோபே டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்.

தியோடர் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டு திரும்பினார்.

"கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் மேடம். ஒரு வாக்கியம் உருப்படியா இல்ல. ர, ல, வ, எல்லாம் போச்சு. அவர் தப்பை இவங்க பிடிச்சுக்கறாங்க, இவங்க தப்பை அவர் பிடிச்சுக்கறார்."

"என்ன பேசினாங்க?"

தியோடர் வாயைத் திறந்தார். யோசித்தார். "ஏதோ பெல்ட்டைப் பத்தின்னு நினைக்கிறேன். இல்ல, யாரோ ஒரு பொண்ணுக்குக் காது குத்தறதைப் பத்தி."

மங்கையர்க்கரசி தலையை ஆட்டினார். "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

தன்னைக் கேலி செய்கிறாரோ என்று தியோடருக்கு ஒரு கணம் தோன்றியது. மரியாதை தெரிந்த பெண், அப்படிச் செய்ய மாட்டார் என்று தேற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருக்கென்று தனி வகுப்பு கிடைத்தது. அதில் இசோபேயும் இருந்தார். அவரே விரும்பி மாறி வந்தவர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்களோடு நடந்த ஒரு கூட்டத்தில், அவர் பேசும்போது ஒருவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறான். இசோபே அதைப் பார்த்துவிட்டார்.

"நான் சரியாகப் பேச வேண்டும்" என்றார் தியோடரிடம். ஆங்கிலத்தில் அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு முறை தடுக்கியது. "தயவுசெய்து என்னிடம் கண்டிப்பாக இருங்கள்."

இப்படி ஒரு மாணவனுக்காகத்தான் தியோடர் வாழ்நாள் எல்லாம் காத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினார். ஆளுக்கொரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். ல-வுக்கு நாக்கு நுனி முன்பல்லுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். ஆங்கில ர-வுக்கு நாக்கு சுருண்டு நிற்க வேண்டும், எதையும் தொடக் கூடாது. ஐஸ்கிரீம் குச்சியால் தன் நாக்கையே தொட்டுக் காட்டினார். ஒரே சொல்லை வகுப்பு முழுக்கச் சொல்ல வைத்தார்.

ஒரு விதியும் போட்டார்.

"தப்பான ஓசையோடு ஒரு சொல்கூட வெளியே வரக் கூடாது. தப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது நாக்கில் ஊறிவிடும். சரியாக வரும் வரைக்கும் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். இங்கே மட்டும் இல்லை, தொழிற்சாலையிலும்தான்."

இசோபே எழுந்து நின்று தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

ஒருநாள் மாலை அவர் படி ஏறி வரும்போதே முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. வழியில் எதையோ பார்த்திருக்கிறார். உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இப்போது, ரோட்டில், ஒரு கன்றுக்குட்டி..."

"ரோடு" என்று தியோடர் நிறுத்தினார். "நாக்கு தொடுகிறது பாருங்கள். மறுபடியும்."

இசோபே மறுபடியும் சொன்னார். மறுபடியும் தொட்டது. கண்ணாடியை எடுத்தார். அன்றைக்குப் பொழுது அந்தச் சொல்லிலேயே போனது. கடைசியில் ஒரு தடவை சரியாக வந்தது. தியோடர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். கன்றுக்குட்டிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இசோபேயும் பிறகு சொல்லவில்லை.

மங்கையர்க்கரசி சில நாள் வகுப்பு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். தியோடர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வாரங்கள் போகப் போக இசோபேயின் உச்சரிப்பு தேறிவந்தது. பேச்சு குறைந்துவந்தது. சொல்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தம். நாக்கை எங்கே வைப்பது என்று அவர் உள்ளே தேடுவது முகத்தில் தெரியும். தேடிக் கிடைக்காவிட்டால் புன்னகைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். தொழிற்சாலையிலும் அப்படித்தான் என்பது தியோடருக்குத் தெரியாது. டீக்கடைக்கு அவர் வருவதில்லை என்பதும் தெரியாது.

அப்புறம் அந்த நாள் வந்தது.

சாயங்காலம். தியோடர் வகுப்புக்குள் நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கூப்பிடாமலே இசோபே எழுந்து நின்றார். கண்ணாடியை எடுக்கவில்லை. கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார்.

"ரோலருக்கு மேலே இருக்கும் தடுப்பு லூஸாக இருக்கிறது."

ர சுருண்டு நின்றது. ல ஒட்டிப் பிரிந்தது. உகரம் ஒட்டாமல் சொற்கள் முடிய வேண்டிய இடத்தில் முடிந்தன. ரோலர் என்பது ஜப்பானியருக்கு மலை மாதிரி. முன்னாலும் ர, பின்னாலும் ர, நடுவில் ல. அவர் ஏறி இறங்கிவிட்டார்.

தியோடர் மேஜையைத் தட்டினார். "அற்புதம்! கேட்டீர்களா எல்லோரும்?" என்று கை தட்டினார். வகுப்பும் சேர்ந்து தட்டியது.

இசோபே உட்காரவில்லை. கைதட்டல் ஓயும் வரை நின்றார்.

பிறகு பழைய குரலில், பழைய தப்புகளோடு, துண்டு துண்டாகச் சொன்னார். "நேற்றுக் காலை. கூட்டம். இதைச் சொல்லியிருக்க வேண்டும். சரியாக வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினேன்." தன் வலது கையை உயர்த்தினார். நடுவில் இருந்த மூன்று விரல்களையும் மெதுவாக மடக்கினார். "தனக்கோடி சான். இன்று, மத்தியானம்."

தியோடரின் கைகள் தட்டின நிலையிலேயே நின்றன. என்ன செய்வது என்று தெரியாமல் அவற்றை மேஜைக்குக் கீழே கொண்டுபோனார்.

மங்கையர்க்கரசி எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. இசோபேயின் பக்கத்தில் போய் ஜப்பானிய மொழியில் ஏதோ மெல்லச் சொன்னார். அப்புறம்தான் இசோபே உட்கார்ந்தார்.

மறுநாள் தியோடர் இசோபேயோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, போனார்.

தனக்கோடியின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் கட்டுப்போட்டுத் தலையணை மேல் வைத்திருந்தது. அவர் மனைவி கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். இசோபேயைக் கண்டதும் அந்த அம்மா எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். இசோபே உட்காராமல், இடுப்பு வரை குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஐயோ, நிமிரச் சொல்லுங்க சார்" என்றார் தனக்கோடி பதறிப்போய். "நீங்கதான் இங்கிலீஷ் வாத்தியாரா? நல்லதாப் போச்சு. இவர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க."

"சொல்லுங்க தம்பி."

"முன்னெல்லாம் இவரு ஓயாமப் பேசுவாரு சார். எம் பொண்ணு காதுகுத்துக்கு வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு. இப்பக் கொஞ்ச நாளா வாயே திறக்கறதில்ல. மூஞ்சியப் பாத்தாலே திரும்பிக்கிறாரு. நாங்க எதுனா தப்பாப் பேசிட்டமா, எங்க மேல ஏதாச்சும் கோவமான்னு பசங்க எல்லாம் யோசிச்சுக்கிட்டுக் கிடக்கோம். அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார்."

ஐந்தாறு சொல்லில் முடிகிற கேள்வி. அத்தனை வருஷம் மேடை மேடையாகத் தியோடர் பேசிய ஆங்கிலம் அந்தக் கேள்விக்கு வரமாட்டேன் என்றது. ஒருவழியாகச் சொன்னார்.

இசோபே நிமிர்ந்தார். தலையை வேகமாக ஆட்டினார். வாயைத் திறந்தார். திறந்த வாயோடு, தனக்கோடியைப் பார்க்காமல், தியோடரின் முகத்தைப் பார்த்தார்.

சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை அது.

"பேசுங்க இசோபே. எப்படி வேண்டுமானாலும் பேசுங்க. என்னைப் பார்க்காதீங்க" என்றார் தியோடர். பேச வேண்டியது ஆங்கிலத்தில் என்பதுகூட மறந்து தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

இசோபே முயன்றார். நாக்கு எதையோ தேடியது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும் குனிந்தார்.

"சரி, விடுங்க சார். கோவம் இல்லன்னு தெரியுது" என்றார் தனக்கோடி. அவர்தான் எல்லோருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

தனக்கோடி பிழைத்துக்கொண்டார். விரல்கள் மூன்றும் போனது போனதுதான். கை ஆறியதும் அவரை ரோலரிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். சாவிக்கொத்தை இடது கையால் திருகப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். இசோபேயை ஜப்பானுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கிளம்பும் அன்று அவர் பள்ளிக்கு வந்தார். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டிருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று, ஆங்கிலத்தில் தியோடருக்கு நன்றி சொன்னார். இங்கே கற்றதை என்றும் மறக்க மாட்டேன் என்றார். சின்னப் பேச்சு. பல நாள் பழகியிருப்பார். அதில் ஓர் ஓசைகூடத் தவறவில்லை. இசோபேயும் அதில் எங்கும் இல்லை.

தியோடர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. இப்போது கேட்டால் அது எப்படிப் போய் விழுமோ என்று பயமாகவும் இருந்தது. கேட்கவில்லை. கீழே கார் ஹார்ன் அடித்தது. இசோபே படி இறங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு தியோடர் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். மங்கையர்க்கரசி வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவரே கேட்டார் மேடம். கண்டிப்பா இருங்கன்னு அவரேதான் கேட்டார்."

"ஆமா சார். கேட்டார்."

"சரியான ஓசையைச் சொல்லிக் கொடுக்கறதுதானே என் வேலை?"

"ஆமா."

"அது தப்பில்லையே?"

"தப்பில்ல சார்."

தியோடர் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கே கோபத்தைத் தேடினார். இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் நாளையிலிருந்து வரலை மேடம்."

"அந்த மீன் வறுக்கிற அம்மா உங்க வகுப்புக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அவங்களுக்கும் ர சரியா வரணுமாம். நான் சரின்னு சொல்லிட்டேன்."

"என்னை நம்பியா?"

"உங்களைத்தான் கேட்டாங்க சார்."

கீழே பேக்கரியில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. தியோடர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் உங்ககிட்டக் கத்துக்க வந்தவன்" என்றார். "நீங்க வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அந்த மனுஷன் வாய் அடைச்சுப் போறது எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 'சார், நிறுத்துங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?"

மங்கையர்க்கரசி தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

"சொல்லணும்னுதான் தினமும் வாசல் வரைக்கும் வந்தேன் சார். உங்க வயசுக்கும் படிப்புக்கும் ஒரு குறை வராம அதை எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடிக்கிட்டு இருந்தேன்."